பின்வளவுக்கு மரத்தில் குளிர்நீர்த் தொட்டி: எதை வாங்கலாம்?

மேப்பிள்நிழல் (மார்க்கம்)

வணக்கம் உறவுகளே. பின்வளவில், இறங்கி உடம்பை நனைத்து உட்காரும் குளிர்நீர்த் தொட்டி ஒன்று வைப்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. மரத்தில்தான் வேண்டும். காற்றடிக்கும் தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி எல்லாம் பார்த்தாயிற்று. வருடக்கணக்கில் வளவில் நிற்கப்போகிற பொருள், சமையலறை ஜன்னலால் பார்த்தால் கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பமும்.

கையில் மூன்று தேர்வுகள். முதலாவது, மேற்குக் கரைச் செஞ்சீடர் மரத்தில் செய்த வட்டப் பீப்பாய். உள்ளேயும் வெறும் மரம்தான், உறை கிடையாது. விட்டம் 90 செ.மீ., உயரம் 110 செ.மீ. இரண்டாவது, அதே அளவு, அதே சீடர், ஆனால் உள்ளே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உறை. மூன்றாவது, ஒன்ராறியோ வெள்ளைச் சீடரில் நாமே பூட்டிக்கொள்ளும் கிட். விலை நன்றாகக் குறைவு, ஆனால் பலகையில் கணுக்கள் அதிகம்.

என் உயரம் 183 செ.மீ. அரை மரதன் ஓடுகிறேன், கிழமையில் இரண்டு நாள் ஜிம்மும் உண்டு. நான், மனைவி, தம்பி வீட்டார் என்று பெரியவர்கள் நாலு பேர் இறங்குவோம். மாமி எங்களோடு இருக்கிறார், 7 வயதில் மகள் இருக்கிறாள். பழைய மர டெக் ஒன்று நிற்கிறது, அதன்மேல் வைக்கலாமா? தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் மெஷின் வேண்டுமா, ஐஸ் போதுமா? குளிர்காலத்திலும் பயன்படுத்த ஆசை. எல்லாம் சேர்த்து 9,000 டாலருக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

செவ்வந்தி (பிரம்டன்)

அண்ணா, எந்த மரம் என்பதற்கு முதல் ஒரு கேள்வி. பள்ளிக்கூட விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்களா? ஜூலையில் நாலைந்து கிழமை வீடு பூட்டிக் கிடக்குமா?

எங்களிடம் இருப்பது உறை இல்லாத செஞ்சீடர். எனக்கு அதில் அவ்வளவு பிரியம். இறங்கும்போது வரும் வாசனையும், முதுகுக்கு மரம் படுகிற சுகமும் வேறு எதிலும் வராது. ஆனால் அந்தத் தொட்டி காலியாக வெயிலில் நிற்கவே கூடாது. நாங்கள் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா வந்து மட்டம் பார்த்து நீர் விடுவார். அப்படி ஒரு ஆள் உங்களுக்கு இல்லையென்றால் முதலாவது தேர்வை விட்டுவிடுங்கள்.

உளி (சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா)

தம்பி, நான் மரத்தொட்டி செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செவ்வந்தி தங்கச்சி கேட்டதுதான் முதல் கேள்வி. உறை இல்லாத தொட்டியில் பசையும் இல்லை, சிலிக்கனும் இல்லை. பக்கப் பலகைகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். வெளியே இரண்டு மூன்று ஸ்டீல் வளையங்கள் அவற்றைப் பிடித்திருக்கும். அடிப்பலகை, பக்கப் பலகைகளின் உள்முகத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் கட்டுமானம். தண்ணீரை நிறுத்துவது மரம் ஊறி உப்புவதுதான்.

எவ்வளவு உப்பும் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். பச்சையான செஞ்சீடர் முழுக்கக் காய்ந்தால், மரத்தின் ஆண்டு வளையக் கோடுகளைக் குறுக்கே வெட்டிப் போகும் திசையில் சுமார் 2.4 சதவீதம் சுருங்கும். கோடுகளின் போக்கிலேயே போனால் சுமார் 5 சதவீதம், கிட்டத்தட்ட இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். காய்ந்த பலகை தண்ணீர் குடித்தால் இதே கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும். உங்கள் தொட்டியின் சுற்றளவு ஏறத்தாழ 2.8 மீட்டர். நல்ல பலகையில் செய்திருந்தாலும், வளையம் இல்லாவிட்டால் ஊறியபின் நாலு செ.மீ. போல விரிந்துவிடும். வளையம் அதற்கு இடம் கொடுக்காது. போக வழியில்லாமல் பலகைகள் ஒன்றை ஒன்று நெரிக்கும், மூட்டு அடைபடும். தண்ணீரை இறக்கி ஒரு மாதம் வெயிலில் விட்டால் இதெல்லாம் திரும்பிவிடும். அதுவும் ஒருமுறை நசுங்கிய மரம் காயும்போது, முன்பு இருந்த அளவுக்கும் கீழே சுருங்கும். வளையங்கள் தளர்ந்து கீழே இறங்கிக் கிடக்கும். திரும்ப ஊறவைத்து மீட்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் மூட்டு கொஞ்சம் கெட்டுப்போகும்.

இப்போது கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? பக்கப் பலகையின் மேல் முனையைப் பாருங்கள். அங்கே ஆண்டு வளையங்கள் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் பலகையின் அகல முகத்துக்குக் குத்தாக, உள்ளிருந்து வெளியே ஓட வேண்டும். அப்படியென்றால் அகலத்தில் அசைவு குறைவு, அந்த 2.4 கணக்கு. கோடுகள் வில்லாக வளைந்து அகலத்தோடு படுத்திருந்தால் 5 கணக்கு, பலகை கிண்ணமாக வளையவும் பார்க்கும். ஒரே தொட்டியில் இரண்டு வகையும் கலந்திருந்தால் நான் வாங்கமாட்டேன். அடுத்தது நிறம். சிவப்பும் பழுப்புமான வைரப்பகுதிதான் அழுகலைத் தாங்கும். ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும் வெளிமரத்துக்கு அந்தக் குணம் இல்லை. காடிக்குப் பக்கத்தில் வெள்ளை தெரிந்தால் கேள்வி கேளுங்கள். வளையம், ஆணி, திருகு எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு பட்டால் சீடரின் சாறு கருநீலமாகக் கறை விடும், இரும்பும் அரிக்கும்.

தடிப்பு 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. காடி வெட்டியபிறகு அதில் மிச்சம் என்ன நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். நிறையக் கடைகளில் இதைத் தவறாக வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தொட்டியின் பாரம் பக்கப் பலகைகளின் நுனியில் இறங்கவே கூடாது. அடிப்பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, பாரம் முழுக்க அவற்றின் வழியாக நிலத்துக்குப் போக வேண்டும். பக்கப் பலகையின் கீழ்நுனி தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். குனிந்து கையை விட்டுப் பாருங்கள், விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாரம் காடியைப் பிளக்கும், நுனி ஈரத்தில் நின்று முதலில் அதுதான் உக்கும்.

வெள்ளைச் சீடரும் அழுகலைத் தாங்கும் மரம்தான், குறைத்துச் சொல்லமாட்டேன். வேலி, தோட்ட நாற்காலி, உறைக்கு வெளியே அடிக்கும் பலகை என்றால் தாராளமாக வாங்கலாம். தண்ணீர் நிறுத்தும் பலகைக்கு, ஊடுருவிப் போகும் கணு ஆகாது. கணு ஒரு அளவில் சுருங்கும், சுற்றியுள்ள மரம் இன்னொரு அளவில் சுருங்கும். கசிவு அங்கேதான் தொடங்கும். உறையில்லாத கிட் என்றால் மூன்றாவதை இப்போதே தள்ளுங்கள்.

வாட்கணக்கு (மிசிசாகா)

ஐஸ் போதுமா என்பதற்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

உள்விட்டம் 80 செ.மீ., தண்ணீர் ஆழம் 80 செ.மீ. என்றால் 400 லிட்டர். ஜூலையில் 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 10 டிகிரிக்கு இறக்க 4.65 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகவே 334 கிலோஜூல் இழுக்கும், உருகிய நீர் 10 டிகிரிக்கு வர இன்னும் 42. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 45 கிலோ ஐஸ். வாரத்தில் நாலு நாள், நாலு பேர் என்றால் யார் சுமப்பது? மாதத்தில் ஒருமுறை இறங்குகிறவருக்கு ஐஸ் சரி. உங்களுக்குச் சில்லர்தான்.

அதே 4.65 யூனிட்டை எடுக்கச் சில்லருக்கு இரண்டு யூனிட் மின்சாரம் போல போதும். அப்புறம் குளிர்ச்சியைக் காப்பதுதான் வேலை. 38 மி.மீ. சீடர் ஓரளவு நல்ல வெப்பக் காப்பு. வெளியே 28 டிகிரி, உள்ளே 10 டிகிரி என்றால் சுவராலும் அடியாலும் நுழையும் வெப்பம் 100 வாட்டை ஒட்டியே வரும், நாளுக்கு இரண்டரை யூனிட். காப்பு இல்லாத ஒற்றைத் தகட்டுத் தொட்டியில் இது பல மடங்கு. இதெல்லாம் நுரைக்காப்பு உள்ள மூடி போட்டிருந்தால்தான். திறந்து வைத்த தொட்டியில் வெயில் நேரே விழும், சில்லர் ஓடிக்கொண்டே இருக்கும். மூடிக்குப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சில்லர் வாங்கும்போது "எத்தனை குதிரைசக்தி" என்று கேட்காதீர்கள். அது கம்ப்ரசரின் அளவு. குளிரூட்டும் திறன் எத்தனை வாட், எந்த வெளிவெப்பத்தில் அளந்தது என்று கேளுங்கள். 1,000 வாட் திறன் என்றால் மேலே சொன்ன பத்து டிகிரியை இறக்க ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வீட்டுத் தொட்டிக்கு அது போதும், இரவில் ஓடட்டும். சூடான காற்று வெளியேற இடம் வேண்டும். வேலிக்கும் சுவருக்கும் நடுவில் திணித்து வைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுத்துத் திணறும். பக்கத்து வீட்டுப் படுக்கையறைப் பக்கம் திருப்பி வைத்தால் அது வேறு பிரச்சினை.

கீரைப்பாத்தி (ஸ்காபரோ)

இவ்வளவு செலவு எதற்கு? பழைய டீப் ஃப்ரீசரில் தண்ணீர் நிரப்பி இறங்குகிறவர்கள் இருக்கிறார்களே. வீடியோக்களில் பார்த்தேன், 300 டாலருக்குள் முடிகிறது.

வாட்கணக்கு (மிசிசாகா)

வேண்டாம் சகோ. அது உணவு வைக்கச் செய்த பெட்டி, மனிதர் ஈரத்தோடு உட்காரச் செய்ததல்ல. உள் தகட்டில் ஒரு மூட்டு விட்டால் தண்ணீர் மின் இணைப்புக்குப் போகும். "பிளக்கைக் கழற்றிவிட்டு இறங்குவேன்" என்பார்கள். வீட்டில் நாலு பேர் பயன்படுத்தும்போது ஒருவர் ஒருநாள் மறப்பார்.

மரத்தொட்டிக்கும் இதையே சொல்கிறேன். சில்லருக்கு ஜி.எஃப்.சி.ஐ. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும்) பாதுகாப்புள்ள வெளிப்புற இணைப்பு கட்டாயம். கராஜிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்க வேண்டாம். ஒன்ராறியோவில் புதிய வயரிங் வேலை என்றால் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துத்தான் செய்ய வேண்டும். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் நிறுவனத்தைக் கூப்பிட்டால் அவர்களே அதைப் பார்த்துக்கொள்வார்கள். 9,000 டாலரில் இதற்கும் ஒதுக்கி வையுங்கள்.

மேப்பிள்நிழல் (மார்க்கம்)

எல்லோருக்கும் நன்றி. உளி அண்ணா சொன்னபடி மேல் முனையைப் பார்க்க நாளை கடைக்குப் போகிறேன்.

செவ்வந்தி, ஆம், ஜூலை நடுவிலிருந்து ஐந்து கிழமை யாழ்ப்பாணம் போகிறோம், அநேகமாக ஒவ்வொரு வருடமும். பக்கத்து வீட்டில் வயதான தம்பதி. அவர்களிடம் இதைக் கேட்க மனமில்லை.

டெக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

உளி (சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா)

டெக்கில் வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள். தண்ணீர் 400 கிலோ, தொட்டி 70 கிலோ, நீங்கள் 80 கிலோ. மொத்தம் 550 கிலோ, முக்கால் சதுர மீட்டருக்கும் குறைந்த இடத்தில். சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு டெக் பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்கும் கணக்கில் கட்டுவார்கள், அதாவது சதுர மீட்டருக்கு 195 கிலோ. பாரம் அக்கம்பக்கத்துச் சட்டங்களுக்கும் கொஞ்சம் பரவும் என்பது உண்மைதான். ஆனால் பழைய டெக், கீழே சட்டம் எப்படி இருக்கிறதென்று தெரியாது, மேலே எப்போதும் ஈரம். பொறியியலாளர் ஒருவர் பார்த்து, கீழே கால் கொடுத்துப் பலப்படுத்தாமல் அதில் ஏற்றக் கூடாது.

நிலத்திலேயே வையுங்கள். மேல்மண்ணையும் புல்லையும் வழித்து, 15 செ.மீ. சல்லி போட்டு இடித்து இறுக்கி, மேலே பேவர் கல் பதியுங்கள். சல்லி எதற்கென்றால், தண்ணீர் தேங்கினால்தான் குளிரில் நிலம் உறைந்து மேலே தள்ளும். வடிந்துவிட்டால் அசைவு குறைவு. மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்தால் தண்ணீர் மட்டமே காட்டிக்கொடுக்கும், வளையத்தின் இழுவையும் ஒரு பக்கமாகப் போகும்.

இரவுப்பணி (ஏஜாக்ஸ்)

நான் தாதி. மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, இறங்குகிறவர்களைப் பற்றித் தெரியும்.

குளிர்ந்த நீரில் இறங்கியதும் முதல் ஒரு நிமிடம்தான் மிகவும் ஆபத்தானது. மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், இதயம் படபடவென்று அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பனி நீரில் விழுகிறவர்களுக்காகச் சொல்லும் 1-10-1 விதி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். உங்கள் தொட்டிக்கு முதல் இரண்டும் பொருந்தும். தலையை முக்கிக்கொண்டு குதிக்காதீர்கள். படியில் நின்று, மூச்சு விட்டு, மெதுவாக இறங்குங்கள். தொடக்கத்தில் 15 டிகிரி, ஓரிரு நிமிடம் போதும். தனியாக இறங்க வேண்டாம்.

110 செ.மீ. உயரத் தொட்டி என்றால் உள்ளே போவதைவிட வெளியே வருவதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். வெளியே வரும்போது பாதம் மரத்துப்போயிருக்கும், படி எங்கே என்று கால் சொல்லாது. அகலமான படி, வழுக்காத மேற்பரப்பு, கைபிடி மூன்றும் வேண்டும். கடைக்காரர் தரும் ஒற்றைப் படி போதாது.

நம் ஆட்களில் சர்க்கரையும் பிரஷரும் அதிகம். சர்க்கரையால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள், இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. உங்கள் தம்பி வீட்டாரிடமும் இதைக் கேளுங்கள், சும்மா ஒருநாள் ஆசைக்கு இறங்குகிறவர்தான் சொல்லாமல் இறங்குவார். மாமிக்கு ஆசை இருந்தால் கையையும் முகத்தையும் நனைக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

மகளுக்காக ஒன்று: மூடி பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும், சாவி உங்களிடம் இருக்க வேண்டும். இங்கே பல நகராட்சிகளில் 60 செ.மீ. ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் தொட்டி நீச்சல்குள வேலிச் சட்டத்துக்குள் வரும், பூட்டிய உறுதியான மூடி இருந்தால் விலக்கு கிடைக்கும். வாங்குவதற்கு முதல் மார்க்கம் நகராட்சியில் கேட்டுவிடுங்கள். கூடவே, அந்தப் படியைத் தொட்டியோடு நிரந்தரமாக ஆணி அடிக்க வேண்டாம். பயன்படுத்தாத நேரம் எடுத்து உள்ளே வைத்தால் பிள்ளை ஏற வழியில்லை.

ஜிம் போவதாகச் சொன்னீர்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 12 கிழமை எடைப்பயிற்சி செய்தவர்களில் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் இருந்தவர்களுக்குத் தசை வளர்ச்சியும் பலமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே கூடின. ஆகவே எடை தூக்கும் நாளில் உடனே இறங்காதீர்கள். ஓடிய நாளில் கால் வலிக்கு இறங்கலாம்.

வடக்குவெளி (ஒஸ்லோ)

இங்கே குளிர்நீரில் இறங்குவது ஊர் வழக்கம். ஒஸ்லோத் துறைமுகத்தில் மிதக்கும் சோனாவிலிருந்து நேரே கடலுக்குள் இறங்குவார்கள், நாங்களும் பழகிவிட்டோம். வீட்டுத் தொட்டி என்றால் நான் பார்த்தவரை மரம் வெளியே, உறை உள்ளே என்பதுதான் அதிகம். வெளிப்பலகைக்கு வெப்பப் பதம் செய்த பைன் அல்லது ஸ்ப்ரூஸ். 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீராவியில் வைத்து எடுப்பார்கள், மரம் தண்ணீர் குடிப்பது குறைந்துவிடும், அழுகலும் குறையும். பலம் கொஞ்சம் போகும், நொறுங்கும் தன்மை வரும். உறைக்கு வெளியே அடிக்கும் பலகைக்கு அது பெரிய குறையல்ல. உப்பாத மரம் என்பதால் வளையம் போட்டு இறுக்கும் பீப்பாய்க்கு அதைத் தேர்வு செய்வதில் பொருளில்லை என்று நினைக்கிறேன். உளி அண்ணா என்ன சொல்கிறீர்கள்?

உளி (சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா)

சரியாகச் சொன்னீர்கள். உப்புவதை நம்பிச் செய்யும் தொட்டிக்கு உப்பாத மரம் எதற்கு? தேக்கையும் ஜப்பானிய ஹினோக்கியையும் யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் அருமையான மரம். ஹினோக்கியில் குளியல் தொட்டி செய்வது ஜப்பானில் பழைய கலை. ஆனால் இங்கே கொண்டுவர ஆகும் விலை இந்த பட்ஜெட்டுக்குள் அடங்காது. நாம் இருக்கும் நாட்டில் சீடர் வளர்கிறது, அதையே நன்றாகத் தேர்ந்து வாங்கலாம்.

செவ்வந்தி (பிரம்டன்)

தண்ணீரைச் சுத்தமாக வைப்பது பற்றி எழுதுகிறேன். இதில்தான் வெறும் மரத்துக்கும் உறைக்கும் பெரிய வித்தியாசம்.

புதுச் சீடரில் முதல் தடவை விட்ட தண்ணீர் மறுநாள் தேநீர் நிறத்தில் இருக்கும். கெடுதல் இல்லை, மரத்தின் சாறு. இறக்கிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும், இரண்டு மூன்று தடவையில் வெளுத்துவிடும். பிறகு குளோரின் விஷயம். மரத்துக்குக் குளோரின் அதிகமானால் ஆகாது. மேல்பரப்பு மெத்தென்று நார் நாராக எழும்பும், அந்த நாருக்குள் அழுக்கும் கிருமியும் ஒட்டும். குறைத்துப் போட்டால் கிருமி. கிருமி கொல்ல விடும் ஓசோனும் அளவு மீறினால் மரத்தைத் தின்னும். ஆகவே நாங்கள் குளோரினைக் குறைந்த அளவில் வைத்து, கிழமைக்குப் பலமுறை நிறம் மாறும் சோதனைப் பட்டையால் பார்த்து, வடிகட்டியைக் கழுவி, தண்ணீரை அடிக்கடி மாற்றுகிறோம். இருவர் மட்டும் இறங்குவதால் சமாளிக்கிறோம். குளிர் நீரில் கிருமி மெதுவாகத்தான் வளரும், ஆனால் வளராது என்றில்லை. மரத்தில் விரலால் தடவும்போது வழுவழுவென்று இருந்தால் உடனே இறக்கித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

உங்கள் வீட்டில் நாலு பேர். பாலிஎத்திலீன் உறை என்றால் குளோரினை 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு) வரை, பி.எச். (அமில, கார அளவு) 7.2 முதல் 7.8 வரை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், துடைத்தாலும் சுத்தமாகும்.

இன்னொன்று, நம் வீடுகளில் சொல்லியே ஆக வேண்டும்: தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் இறங்கக் கூடாது. எண்ணெய் வடிகட்டியில் படிந்து அடைத்துவிடும், குளோரினையும் தின்னும். சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு இறங்குங்கள். விருந்தாளிகளுக்கும் இதே விதி என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை.

கீரைப்பாத்தி (ஸ்காபரோ)

இறக்கும் தண்ணீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் விடலாமா?

செவ்வந்தி (பிரம்டன்)

குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து சில நாள் வெயிலில் விட்டு, பட்டையில் பூச்சியம் காட்டியபின் புல்லுக்கு விடுவோம். மரக்கறிக்கு நான் விடுவதில்லை, பலர் உடம்பு பட்ட தண்ணீர். தெருவோர வடிகாலில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அது சுத்திகரிக்காமல் ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது.

மேப்பிள்நிழல் (மார்க்கம்)

கடைக்குப் போய்வந்தேன். முதலாவது தொட்டியின் மேல் முனையில் கோடுகள் எல்லாம் உளி அண்ணா சொன்னபடி குத்தாகவே நிற்கின்றன. அவ்வளவு அழகான வேலை, கையை எடுக்கவே மனமில்லை. ஆனால் ஐந்து கிழமைப் பயணத்தையும் நாலு பேரையும் யோசித்தால் உறை உள்ளதுதான் எங்களுக்குப் பொருந்தும் போலிருக்கிறது. அண்ணா, உறை போட்டால் மரம் வெறும் அலங்காரம்தானா?

குளிர்காலம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வாட்கணக்கு (மிசிசாகா)

குளிர்காலத்தில் சில்லருக்கு வேலையில்லை, உறையாமல் காப்பதுதான் வேலை. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும். தொட்டி தாங்கினாலும் சில்லரின் குழாயும் பம்பும் வால்வும் தாங்காது. வெளியே மைனஸ் 15, தண்ணீர் 4 டிகிரி என்றால் சுவரால் போகும் வெப்பம் மறுபடி அதே 100, 120 வாட்தான். மூடியாலும் குழாய்களாலும் போவது தனி. ஆகவே சூடாக்கவும் தெரிந்த சில்லர் என்றால் அதிக மின்சாரம் இல்லாமல் 4, 5 டிகிரியில் பிடித்து வைக்கலாம். எந்த வெளிவெப்பம் வரை அது ஓடும் என்று கையேட்டில் பாருங்கள். எல்லாச் சில்லரும் மைனஸ் 20 வரை ஓடும் என்றில்லை. குழாய்களுக்கு நுரை உறை போடுங்கள். பனிப்புயலில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து, வடிப்பு வால்வைக் கைக்கு எட்டும் இடத்தில், ஆகத் தாழ்ந்த புள்ளியில் வைக்கச் சொல்லுங்கள்.

இரவுப்பணி (ஏஜாக்ஸ்)

4 டிகிரி தண்ணீரில் முதல் குளிர்காலத்திலேயே இறங்க வேண்டாம். கோடையில் 15இல் தொடங்கி, இலையுதிர்காலம் முழுக்கத் தண்ணீர் குளிரக் குளிர நீங்களும் பழகுங்கள். பனிக்காலத்தில் படியில் ஐஸ் படியும், அதற்கு உப்பும் பழைய கம்பளமும் வாசலிலேயே இருக்கட்டும். வெளியே வந்ததும் துடைத்து, உலர்ந்த உடுப்பு, தொப்பி. உடனே சுடுதண்ணீர் ஷவருக்கு ஓடாதீர்கள், தலைசுற்றும்.

உளி (சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா)

அலங்காரம் இல்லை தம்பி. 38 மி.மீ. சீடர் உங்கள் குளிரைக் காக்கிறது, உறையின் வயிறு வெளியே தள்ளாமல் தாங்குகிறது. நானும் வெறும் மரத்தின் ஆள்தான். எனக்கு அந்த வேலையில் மரியாதை உண்டு. ஆனால் ஐந்து கிழமை ஆளில்லாத வீட்டில் அது காய்ந்து நிற்பதைவிட, உறையோடு நல்லபடி நிற்பது மேல். உங்கள் முடிவு சரி.

உறை உள்ள தொட்டியில் பார்க்க வேண்டியவை வேறு. உறைக்கும் மரத்துக்கும் நடுவில் நீர் புகுந்தால் வெளியேற வழி வேண்டும். மேல் விளிம்பில் உறை மரத்தை மூடி வெளியே சிறிது இறங்கியிருக்கிறதா, அடியில் மரத்தில் வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் நீங்கள் துள்ளி இறங்கும்போது சிந்துவது எல்லாம் நடுவில் தேங்கி, கண்ணுக்குத் தெரியாமல் மரத்தை உள்ளிருந்து அழிக்கும். குழாய் வெளியே வரும் துளைகளைச் சுற்றி ரப்பர் வளையம் உறையோடு இறுகியிருக்க வேண்டும், மரத்தோடு அல்ல. உறை உள்ளதில் பலகை காய்ந்துதான் நிற்கும். ஆகவே வளையத்தின் முறுக்காணியை முதல் கோடையின் முடிவில் ஒருமுறை பார்த்து, தளர்ந்திருந்தால் கால் சுற்று கொடுங்கள். வெளிப்பக்கத்துக்கு எண்ணெய் பூசினால் சிவப்பு நிற்கும், பூசாவிட்டால் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். இரண்டும் மரத்துக்கு நல்லதுதான். வார்னிஷ் மட்டும் வேண்டாம், வெடித்து உரியும்.

உயரத்தையும் பாருங்கள். வெளியே 110 என்றாலும், அடிப்பலகையும் கீழ் இடைவெளியும் போக உள்ளே 98 செ.மீ. போலத்தான் வரும். 80 செ.மீ. நீரில் நீங்கள் இறங்கினால் மட்டம் 16 செ.மீ. ஏறும், 96 ஆகிவிடும். மேலே 2 செ.மீ.தான் மிச்சம், அசைந்தாலே வழியும். 77இல் நிரப்புங்கள். உட்காரும் பலகை 20 செ.மீ. உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் உங்கள் உயரத்துக்குத் தோள் வெளியே நிற்கும். கடையில் காலித் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். விடுவார்கள்.

மேப்பிள்நிழல் (மார்க்கம்)

உட்கார்ந்து பார்த்தேன். இருக்கைப் பலகை 30 செ.மீ. இருந்தது, 20க்கு இறக்கித் தருவதாகச் சொன்னார்கள். விளிம்பு வெளியே மடிந்திருக்கிறது. அடியில் வடிகால் துளை இல்லை. கேட்டதும் இரண்டு போட்டுத்தர ஒத்துக்கொண்டார்கள், ரசீதில் எழுதி வாங்கிவிட்டேன். பூட்டும் மூடி, கைபிடியோடு அகலமான படி, சூடாக்கவும் கூடிய சில்லர் சேர்த்து 7,900. மின் வேலைக்கு மிச்சம் இருக்கிறது. நகராட்சியில் கேட்டேன், மூடியின் பூட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். வருகிற சனிக்கிழமை தம்பியும் நானும் புல்லை வழித்துச் சல்லி போடுகிறோம். யாரிடமாவது இடிக்கும் மெஷின் இரவல் கிடைக்குமா?

கீரைப்பாத்தி (ஸ்காபரோ)

என்னிடம் கையால் இடிக்கும் கட்டை இருக்கிறது, அந்த அளவு இடத்துக்கு அதுவே போதும். ஐந்து ஐந்து செ.மீ.யாகப் போட்டு, ஒவ்வொரு தட்டையும் நனைத்து இடியுங்கள், மொத்தமாகப் போட்டு இடித்தால் அடியில் இறுகாது. வெள்ளி பின்னேரம் வந்து எடுத்துப் போங்கள், முகவரியைத் தனிமடலில் அனுப்புகிறேன்.